சி டிரைவ் இல்லாத ஊரில் ஒரு ஜாவா அப்ளிகேஷன்

இந்த எபிசோடு ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்குது. பண்ணினது நான்தான்.

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். லோடு இறக்கினதும் பார்ட்டி கையெழுத்து போட்டுத் தர்ற சீட்டை டிரைவர் போட்டோ எடுத்து அனுப்புவார். அந்த போட்டோ இருந்தால்தான் மீதி வாடகை வரும். அதைச் சேமிக்கிற ஜாவா அப்ளிகேஷன் ஆபீஸோட விண்டோஸ் கம்ப்யூட்டரில் பல வருஷமா ஓடிட்டிருந்தது. நான் அதை டாக்கர் கன்டெய்னருக்குள்ள போட்டு லினக்ஸ் சர்வருக்கு மாத்தினேன். ஒன்பது நாள் பிரச்சினையே இல்லை. பத்தாவது நாள் புது வெர்ஷன் ஏத்தினேன். அரை மணி நேரத்துல ஓனர் அண்ணன் போன்: "தம்பி, போன வாரத்துச் சீட்டு ஒண்ணுகூடக் காணோமே?"

எரர் எதுவும் வரலை. ஏன்னு புரிய 1981-க்குப் போகணும்.

அந்த வருஷம் ஐபிஎம் பிசியோட வந்த டாஸ் முதல் வெர்ஷனில் ஃபோல்டரே கிடையாது. / என்ற கோடு, கட்டளைகளுக்கு ஆப்ஷன் கொடுக்கப் பயன்பட்டது. 1983-இல் டாஸ் 2.0 ஃபோல்டர்களைக் கொண்டுவந்தப்போ, யூனிக்ஸ் மாதிரி அதே கோட்டைப் போட வழியில்லை. அதனால் \ வந்தது. விண்டோஸ் அதையே சுமந்துட்டு வருது.

1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை அறிமுகப்படுத்தினப்போ, ஒரு தடவை எழுதினா எங்கேயும் ஓடும்னு வாக்கு கொடுத்தாங்க. கோடு ஓடும், உண்மைதான். ஆனா கோடுக்குள்ள நாம கையால் எழுதி வைக்கிற ஃபைல் பாதைக்கு அந்த வாக்கு செல்லாது. விண்டோஸில் / போட்டாலும் ஜாவா ஏத்துக்கும். லினக்ஸில் \ போட்டா, அது ஃபைல் பெயரில் வர்ற இன்னொரு எழுத்து, அவ்வளவுதான்.

எங்க பழைய கோடில் இருந்த பாதை "சி:\லாரி\சீட்டு". லினக்ஸ் அதை மறுக்கலை. அந்த முழுப் பெயரிலேயே ஒரு ஃபோல்டரை, அப்ளிகேஷன் ஓடுற இடத்துலேயே, கன்டெய்னருக்குள்ள உருவாக்கிடுச்சு. போட்டோவும் சேர்ந்துச்சு, திறந்தும் பார்த்தாங்க.

இப்போ கன்டெய்னர் பக்கம். ஒரு புரோகிராமுக்கு அதுக்கான தனி உலகத்தைக் காட்டுற யோசனை பழசு. 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த சிஎச்-ரூட் அதோட ஆரம்பம். 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் ஒரு பைத்தான் மாநாட்டில் டாக்கரைக் காட்டினார். டாக்கரில் இமேஜ் மாறாது. ஓடும்போது எழுதுறதெல்லாம் மேலே ஒரு மெல்லிய அடுக்கில் போகும். கன்டெய்னரை நீக்கினா அந்த அடுக்கும் போயிடும். தங்கவேண்டியதை வெளியே வால்யூமில் வைக்கணும்.

நான் வால்யூம் போட்டிருந்தேன். /டேட்டா என்ற பாதையில், காலியா.

நாமக்கல் 1997 ஜனவரி 1-ஆம் தேதிதான் சேலத்திலிருந்து பிரிஞ்சு தனி மாவட்டமாச்சு. அன்னைக்கு எந்த வீடும் நகரலை, விலாசம்தான் மாறிச்சு. பாதையும் விலாசம் மாதிரிதான். வெளியே ஒரு பெயர், கன்டெய்னருக்குள்ள வேற பெயர். அதனால அதைக் கோடுக்குள்ள எழுதக்கூடாது.

சரிசெஞ்சது இப்படி. பாதையை என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து எடுத்தேன். \ இருந்த இடத்திலெல்லாம் ஜாவா 7-இல் வந்த பாத் இன்டர்ஃபேஸைப் போட்டேன். வால்யூம் ஃபோல்டர் ரூட் பெயரில் இருந்ததால், அப்ளிகேஷன் ஓடுற யூசருக்கு எழுத அனுமதி கொடுத்தேன். 'சீட்டு' ஃபோல்டரை ஒரு இடத்தில் பெரிய எழுத்திலும் இன்னொரு இடத்தில் சின்ன எழுத்திலும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தோம். விண்டோஸ் கண்டுக்காது, லினக்ஸுக்கு அது ரெண்டு ஃபோல்டர். அதையும் ஒண்ணாக்கினேன்.

போட்டோக்கள்? டிரைவர் அண்ணன்களோட வாட்ஸ்அப்பிலிருந்து ஒவ்வொண்ணா திரும்ப வாங்கினோம். மூணு நாள் ஆச்சு.

இப்போ எந்த அப்ளிகேஷனை மாத்தினாலும் முதல் நாளே ரெண்டு வேலை செய்றேன். 'டாக்கர் டிஃப்' கட்டளை போட்டு, கன்டெய்னருக்குள்ள என்னென்ன எழுதப்பட்டிருக்குன்னு பார்ப்பேன். அப்புறம் ஒரு போட்டோ ஏத்தி, கன்டெய்னரை வேணும்னே அழிச்சு, மறுபடி கிளப்புவேன். போட்டோ இருந்தால்தான் ஓனருக்கு போன் பண்ணுவேன்.