நாவரசர் நடந்த வழி
(முதுமையில் தலயாத்திரைக்கு ஆயத்தமாதல்)



பழவேற்காட்டு ஏரியை அடுத்த இச்சிறு நாட்டில், மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே அமைந்தது அனுப்பம்பட்டு. ஊர்ப்பெயரைச் சொல்லும்போதே 'அனுப்பு' என்னும் ஏவல் காதில் ஒலிக்கின்றது. இது பெயர்க்காரணம் அன்று. செவிக்கு இனிய ஒரு சொல்நயம். எனினும் அடியாரை வழியனுப்பும் செய்தியைப் பேசுதற்கு இதனினும் பொருந்திய ஊர் எது?

அனல்மின் நிலையங்களிலும், இரயில்வேயிலும், பள்ளிகளிலும் பணி முடித்தவர்கள் இப்பகுதியில் பலர். தமிழக அரசுப் பணியாளர் ஓய்வு பெறும் வயது 2021-ஆம் ஆண்டு முதல் 60 ஆயிற்று. அவ்வயதைக் கடந்தோர் திருவிழாக் காலங்களில் எம்மிடம் வினவுவது பெரும்பாலும் ஒன்றே: "பிழைப்புக்காக நடந்த கால்கள் இவை. இனிப் பெருமானுக்காக ஒருமுறை நெடுந்தூரம் நடக்க வேண்டும். காளத்தி வரையிலாவது கால்நடையாகச் செல்ல விரும்புகின்றோம். எவ்வாறு ஆயத்தம் செய்வது?"

இவ்வினாவிற்கு விடை நம் சமய வரலாற்றிலேயே உள்ளது. அதனை முறையாகக் காண்போம்.

பாடு விடுதல்

முதற்கண் இவ்வேரிக்கரை மக்களின் வழக்கம் ஒன்றை நினைவு கூர்வோம். பழவேற்காட்டு மீனவர் ஏரியில் வலையிடும் இடங்களைப் 'பாடு' என வழங்குவர். நல்ல இடம் ஒருவருக்கே உரிமையாகிவிடாதபடி, முறை வைத்துப் பாடு இறங்குவர். இன்று தனக்குக் கிடைத்த இடத்தை நாளை அடுத்தவருக்கு விடுவர். விடுகின்றவர் வருந்துவதில்லை, பெறுகின்றவர் செருக்குவதில்லை. அதுவே ஊர்க் கட்டு.

பணி ஓய்வும் அத்தகையதே. நம் முறை முடிந்தது. பாட்டை விட்டுக் கரையேறினோம். கரையேறிய பின்னும் வலையின் கயிற்றைக் கையில் சுற்றி வைத்துக்கொண்டு நிற்பவர் வீட்டிற்கும் சுமை, யாத்திரைக்கும் ஆகார். விடுதலே யாத்திரையின் முதல் அடி. நாயன்மார் வரலாற்றைப் பாடிய சேக்கிழார் பெருமானும் சோழப் பேரரசில் அமைச்சராக வீற்றிருந்தவர். அப்பொறுப்பை விட்டுத் தில்லையை அடைந்த பின்னரே பெரியபுராணம் பிறந்தது. இது 12-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது.

நாவரசர் மேற்கொண்ட நெடுவழி

முதுமையில் நெடுந்தூரம் நடந்தார் என்றவுடன் நம் நெஞ்சில் எழும் திருவுரு திருநாவுக்கரசர் பெருமானுடையது. 7-ஆம் நூற்றாண்டினர், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவர். 81 ஆண்டுகள் இந்நிலவுலகில் வாழ்ந்தார் என்பது மரபு. இளமையில் சூலைநோயால் வருந்திய உடம்பு அவருடையது. அவ்வுடம்பைக் கொண்டே, கையில் உழவாரப் படையேந்தி, தமிழகம் முழுவதும் நடந்தார்.

அவர் நம் பகுதிக்கும் வந்தருளினார். திருவொற்றியூரை வணங்கி, திருப்பாசூர், திருவாலங்காடு, திருக்காரிக்கரை வழியாகத் திருக்காளத்தி சென்றார் என்பது சேக்கிழார் வாக்கு. காரிக்கரை என்பது இன்று நாகலாபுரத்தை அடுத்து இராமகிரி என வழங்கும் தலம். காளத்தியைத் தென்கயிலாயம் என்பர். அங்குக் கண்ணப்பரைக் கண்டு நின்றபோது, வடகயிலையில் இறைவன் வீற்றிருக்கும் காட்சியைக் காண வேண்டும் என்னும் வேட்கை அவருள்ளத்தில் மூண்டது.

அங்கிருந்து திருப்பருப்பதம் எனும் சீசைலத்தை வணங்கினார். தெலுங்கு நாடு, கன்னட நாடு, மாளவம், இலாடம், மத்திமப் பகுதி ஆகியவற்றைக் கடந்து வாரணாசியை அடைந்தார். உடன் வந்தாரை அங்கேயே விடுத்து, தனியராய் வடக்கு நோக்கினார். கிழங்கும் கனியும் உண்பதையும் தவிர்த்து இரவும் பகலும் நடந்தார். பாதங்கள் பரடு வரை தேய்ந்தன. கைகளால் ஊன்றித் தவழ்ந்தார். கைகள் மணிக்கட்டு வரை தேய்ந்தன, மார்பினால் ஊர்ந்தார். மார்பும் நைந்தது, புரண்டு சென்றார். புரளவும் இயலாது கிடந்தார்.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இறைவன் ஒரு தவமுனிவராய் எதிர்வந்து, மானுடர்க்கு எய்தற்கரியது கயிலை என்று கூறி, மீண்டு செல்லுமாறு சொல்கின்றான். நாவரசர் மீள இசையவில்லை. காணாமல் இவ்வுடம்போடு திரும்பேன் என்கின்றார். பின்னர் அசரீரியாய் எழுந்த அருளாணை அவரை எழுப்புகின்றது. அங்குள்ள பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் கயிலைக் காட்சியைக் காண்க என்பதே ஆணை. மூழ்கினார், நைந்த உறுப்புகள் நலம்பெற்றன, காவிரிக்கரையில் ஐயாற்றுக் குளத்தில் எழுந்தார். களிறும் பிடியும், சேவலும் பெடையுமாக எதிர்ப்பட்ட உயிர்கள் யாவும் அம்மையப்பராகவே தோன்றக் கண்டு பதிகம் பாடினார். ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இக்காட்சி விழாவாகக் கொண்டாடப்படுகின்றது.

இவ்வரலாற்றை இருவகையாகத் தவறாகக் கொள்வாருண்டு. 'உடம்பு அழிந்தாலும் நடந்தே தீர வேண்டும்' என்பார் ஒருசாரார். 'நாவரசருக்கே எட்டவில்லை, நமக்கென்ன' என்பார் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா. தேய்ந்த உடம்பை அப்படியே விடாது மீண்டும் நலம்பெறச் செய்து காட்சி தந்தவன் இறைவன். ஆகவே உடம்பை வருத்துதல் அவன் விரும்பும் பூசையன்று. அவன் நாவரசரைத் தடுத்தது வழியை, வேட்கையையன்று. வேட்கைக்கு உரிய பயனை, அவர் நன்கறிந்த சோழநாட்டு மண்ணிலேயே அளித்தான். எங்கே சேர்கிறோம் என்பது அவன் பொறுப்பு. புறப்படுதல் நம் பொறுப்பு.

சாலையும் சத்திரமும்

நாவரசருக்குப் பின் எத்தனையோ பேர் வடக்கு நோக்கினர். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபர சுவாமிகள் காசி சென்று அங்கே மடம் நிறுவினார். தமிழ் வழிப்போக்கருக்குக் கங்கைக்கரையில் ஒரு நிழல் கிடைத்தது.

சென்னையில் உச்சநீதிமன்றமாக அந்நாளில் விளங்கிய மன்றத்தில் துபாஷியாக இருந்த ஏனுகுல வீராசாமி என்பார், 1830 மே 18 அன்று காசிக்குப் புறப்பட்டார். திருப்பதி, சீசைலம், ஐதராபாத், நாகபுரி, பிரயாகை வழியாகக் காசியும் கயையும் கண்டு, கல்கத்தா சென்று, கீழைக்கடற்கரை வழியாக 1831 செப்டம்பர் 3 அன்று சென்னை மீண்டார். பதினைந்து மாதங்களுக்கு மேற்பட்ட பயணம்! பல்லக்கும் ஆட்களும் கூட்டமாகப் பரிவாரமும் உடன் சென்றன. வழிநெடுகக் கண்டவற்றைத் தெலுங்கில் எழுதி வைத்தார். நாவரசரோ உழவாரம் ஒன்றோடு நடந்தார். ஒருவர் உலகியல் வழியில் ஆயத்தம் செய்தார். மற்றவர் அருளியல் வழியில் ஆயத்தமானார். நாம் இவ்விருவர்க்கும் இடைப்பட்டவர். ஆதலின் இருவரிடமும் சிறிது கற்க வேண்டும்.

நம் பகுதியின் வடபெரும் சாலையில் பஞ்செட்டிக்கு அருகே ஜனப்பன்சத்திரம் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் உள்ளது. ஊர்ப்பெயரிலேயே ஒரு சத்திரம் நிற்கின்றது. வழிநடைப்போர்க்கு நிழலும் சோறும் தருதல் இந்நாட்டின் பழைய அறம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஊன்றுகோல் தந்த பெருமான்

நம் அண்டைத் தலமாகிய ஞாயிறு, சங்கிலி நாச்சியார் பிறந்த ஊர். திருவொற்றியூரில் மகிழமரத்தடியில் அவருக்குச் செய்த சூளுரையை மீறி எல்லை கடந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள் இருகண்ணும் இழந்தார். கண்ணின்றி நடந்தவர்க்குத் திருவெண்பாக்கத்தில் பெருமான் அளித்தது கண் அன்று, ஓர் ஊன்றுகோல்! இடக்கண் காஞ்சியிலும், வலக்கண் திருவாரூரிலும் பின்னர்க் கிடைத்தன. இடைப்பட்ட வழி முழுவதும் கோலூன்றியே நடந்தார் நம்பியாரூரர். அப்பழைய வெண்பாக்கம் பூண்டி நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தது. இறைவன் கோயில் பூண்டியில் புதிதாக எழுப்பப்பட்டு இன்றும் வழிபாடு நிகழ்கின்றது.

கோலூன்ற நாணும் முதியோர் இதனை எண்ணுக. கோல் இயலாமையின் அடையாளம் அன்று. வழியிடையே தோன்றும் அருள். மூக்குக்கண்ணாடியும், மருத்துவர் தந்த மாத்திரையும், பேரன் பிடித்த கையும் அவ்வூன்றுகோலின் இக்கால வடிவங்களே.

ஆயத்த முறை

இனி நடைமுறைக்கு வருவோம். ஆயத்தம் மூவகைத்து.

முதலாவது, இல்லத்து ஆயத்தம். கொடுக்க வேண்டிய கடனைக் கொடுத்தல். சொல்ல வேண்டிய கணக்கைச் சொல்லுதல். பத்திரங்களும் சாவிகளும் உரியவர் கையில் சேர்தல். பேசாதிருந்த உடன்பிறந்தாரிடம் ஒரு சொல் பேசுதல். இவற்றைச் செய்யாது புறப்படுபவர் காளத்தியை நடந்தடையினும் அவர் மனம் வீட்டு வாசலிலேயே நிற்கும். மனைவியின் இசைவும் இன்றியமையாதது. நோயுற்ற துணையைத் தனியே விட்டுவிட்டுச் செல்லும் யாத்திரை யாத்திரையாகாது. அது பொறுப்பிலிருந்து ஓடுதல். அத்தகையோர்க்கு நோயாளியின் கட்டிலே காளத்தி. கையால் ஊட்டும் கஞ்சியே நிவேதனம்.

இரண்டாவது, உடம்பின் ஆயத்தம். உடம்பை இழிவென்று முன்னர்க் கருதி, இறைவன் கோயில் கொண்ட இடமென்று பின்னர்ப் போற்றினார் திருமூலர். எனவே மருத்துவரிடம் நெஞ்சையும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் காட்டி இசைவு பெறுக. சர்க்கரை நோயுடையோர் வெறுங்காலில் நடத்தலை மருத்துவர் சொற்படியே கொள்க. காலில் தோன்றும் சிறு கொப்புளமும் அவர்க்குப் பெருந்தீங்காகும். ஆறு திங்கள் முன்பே தொடங்குக. முதலில் ஊர்க்கோயிலை வலம் வருதல். பின்னர்ப் பொன்னேரி அகத்தீசுவரர் திருக்கோயில் வரை நடத்தல். அதன் பின் ஞாயிறும், பாலைமரத்தின் பெயர் தாங்கிய திருப்பாலைவனமும். அவை கைவந்த பின் ஒற்றியூர். ஒவ்வொரு தலமும் அடுத்த தலத்திற்கு ஏணிப்படி. காலணி புதியதாக இருத்தல் ஆகாது. பழகியதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, வழியின் ஆயத்தம். இங்கிருந்து பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, பெருமான் பள்ளிகொண்ட சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், காரிக்கரை வழியாகக் காளத்தி செல்லலாம். ஏறத்தாழ 100 கி.மீ. நாளொன்றுக்கு 15 முதல் 20 கி.மீ. என்று வகுத்தால் ஐந்து முதல் ஏழு நாட்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரியும் ஆறும் பெருகும். சித்திரை, வைகாசி வெயில் முதியோர்க்கு ஆகாது. தை பிறந்தது முதல் மாசிச் சிவராத்திரிக்கு முன்வரை நல்ல காலம். விடியற்காலையில் நடந்து, வெயிலேறுமுன் தங்குக. ஆடை இரண்டு, திருநீற்றுப் பை, குடிநீர், மருந்து, முகவரியும் உறவினர் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு ஆகியவை போதும். தனியே செல்ல வேண்டா. நாவரசர் தனித்துச் சென்றது அவர்தம் தவவலிமையால். நமக்கு அடியார் கூட்டமே வலிமை.

கயிலைக்கே செல்ல விழைவார்க்கும் ஒன்று சொல்வோம். நம் அரசு நடத்தும் கயிலை யாத்திரை 2020 முதல் நின்றிருந்து, 2025-இல் மீண்டும் தொடங்கியது. அதற்கு வயது வரம்பு 70. மலையை வலம் வரும் பாதையில் கணவாய் 5,600 மீட்டர் உயரத்தில் உள்ளது; அங்கே மூச்சுக்காற்று மெலியும். தகுதி கிட்டாதவர் மனம் தளர வேண்டா. நாவரசர்க்குத் திருவையாறு கயிலையானது போல, நமக்குக் காளத்தி உண்டு. காளத்தியும் எட்டாவிடில் ஊர்க்கோயில் உண்டு.

வழியனுப்புவோர்

இறுதியாக, நடக்க இயலாதார்க்கு ஒரு சொல். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வாழ்ந்த பரதவர் அதிபத்த நாயனார். வலையில் முதலில் அகப்பட்ட மீனை நாள்தோறும் இறைவனுக்கென்று கடலிலே விட்டார். வறுமையிலும் விட்டார், பொன்மீன் கிடைத்த நாளிலும் விட்டார். அவர் கயிலை நோக்கி நடந்தாரில்லை. இறைவனே விடைமேல் எழுந்து அவர்பால் வந்தான். வலையோடு வாழும் இந்நாட்டு மக்களுக்கு இதனினும் பெரிய ஆறுதல் வேறில்லை.

திங்களூர் அப்பூதியடிகளோ நாவரசரை நேரிற் காணுமுன்னரே, அவர் பெயரால் சாலையோரத்தில் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார். நடந்தவர் ஒருவர், தண்ணீர் வைத்தவர் ஒருவர். பெரியபுராணம் இருவரையும் நாயன்மாராகவே போற்றுகின்றது. எனவே முழங்கால் நோயால் நடக்க இயலாத அன்பர்கள், தைத் திங்களில் நடந்து செல்லும் அடியார்க்கு ஒரு பானை மோரும், ஒரு பிடி நிழலும் வைத்திடுக. பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசித்து வந்த நாவரசர்க்கு இறைவனே பொதிசோற்றோடு காத்திருந்தான். வழியில் சோறு வைத்துக் காத்திருத்தல் அவன் செய்த தொழில். அத்தொழிலை நாம் ஏற்பது எத்தகைய பேறு!

பாட்டை முறையாக விட்டவர்க்குக் கரை உண்டு. கரையேறியவர்க்கு வழி உண்டு. வழியில் தளர்ந்தவர்க்கு ஊன்றுகோல் உண்டு. செல்வாரும் அனுப்புவாரும் ஒருங்கே உய்ய, காளத்தியப்பரும் ஞானப்பூங்கோதையம்மையும் திருவருள் புரிவாராக.

திருச்சிற்றம்பலம்.