பட்டச் சான்றிதழால் வீழ்ந்த ஆளுநர்

1942 செப்டெம்பர் 9ஆம் திகதி. பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டு ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலமான ஜோர்ஜியாவில் அன்று ஒரு வாக்கெடுப்பு நடைபெற்றது. அது ஆளுநர் தேர்தல் அல்ல. ஜனநாயகக் கட்சி தனது ஆளுநர் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் முன்தேர்தல். ஆயினும் அன்றே எல்லாம் முடிந்துவிட்டது. குடியரசுக் கட்சி அங்கு பெயரளவிலேயே இருந்தமையால், நவம்பரில் வந்த பொதுத் தேர்தல் வெறும் சடங்காயிற்று.

பதவியிலிருந்த ஆளுநர் யூஜின் டல்மேட்ஜ், சிவப்புத் தோள்வார் அணிந்து மேடையேறி ஏழை வெள்ளை விவசாயிகளின் மொழியில் பேசுபவர். டிராம் வண்டி ஓடும் எந்தக் கவுண்டியின் வாக்கும் தமக்கு வேண்டாம் என்று பெருமையடித்தவர். இது வெறும் வாய்ச்சவடால் என எண்ணிவிடக் கூடாது. அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. ஜோர்ஜியாவில் 159 கவுண்டிகள். சனத்தொகை மிகுந்த எட்டுக்கு ஆறு அலகுகள் வீதமும், அடுத்த முப்பதுக்கு நான்கு வீதமும், எஞ்சிய 121க்கு இரண்டு வீதமும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரு கவுண்டியில் முதலிடம் பெற்றவருக்கே அதன் அலகுகள் அனைத்தும் சேரும். மொத்தம் 410, அதில் சிறு கவுண்டிகளிடம் மட்டும் 242. அட்லாண்டா நகரம் முழுவதும் எதிர்த்து வாக்களித்தாலும், சில ஆயிரம் பேர் வாழும் மூன்று கிராமியக் கவுண்டிகள் அதனை ஈடுசெய்துவிடும்.

இத்தகைய கோட்டைக்குள் இருந்தவரை வீழ்த்தியது போர் அல்ல. 1941இல், ஜோர்ஜியாப் பல்கலைக்கழகக் கல்விப் பீடாதிபதி வோல்டர் கொக்கிங் வெள்ளையரையும் கறுப்பரையும் ஒன்றாகப் பயிற்றுவிக்க முனைகிறார் எனக் குற்றஞ்சாட்டி, அவரை நீக்குமாறு டல்மேட்ஜ் கோரினார். கொக்கிங் அதனை மறுத்தார். பல்கலைக்கழகங்களை நிர்வகிக்கும் சபை விசாரித்து, ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் அவரை வைத்திருக்கத் தீர்மானித்தது. உடனே டல்மேட்ஜ் சபை உறுப்பினர்களை மாற்றினார். ஜூலையில் கூடிய புதிய சபை கொக்கிங்கை நீக்கியது. ஸ்டேற்ஸ்பரோ ஆசிரியர் கல்லூரித் தலைவர் மார்வின் பிற்மனும் அவ்வாறே நீக்கப்பட்டார்.

டிசெம்பரில் பதிலடி வந்தது. தென் மாநிலக் கல்லூரிகளின் சங்கம், வெள்ளையருக்கான பத்து அரச உயர்கல்வி நிறுவனங்களின் அங்கீகாரத்தை விலக்கிக்கொள்ளத் தீர்மானித்தது. அப்பட்டங்களுக்கு வெளி மாநிலங்களில் இனி மதிப்பிருக்குமா என்ற அச்சம் பெற்றோரைப் பிடித்தது. இனவாதப் பேச்சுக்குக் கைதட்டிய அதே வாக்காளர்கள், தம் பிள்ளையின் சான்றிதழ் கையில் வாடத் தொடங்கியதும் கணக்குப் பார்க்கலாயினர். மாணவர்கள் ஆளுநரின் கொடும்பாவியைத் தூக்கினார்கள்; ஊரூராகச் சென்று எதிர்ப்பிரசாரம் செய்தார்கள். வாக்களிக்கும் வயது 21 ஆகையால், அவர்களுட் பலருக்கு வாக்கு இருக்கவில்லை.

எதிர்த்து நின்றவர் 35 வயதான சட்டமா அதிபர் எலிஸ் ஆர்னல். பல்கலைக்கழகத்தை அரசியலிலிருந்து மீட்பதே அவரது கோஷம். அவரைத் தூய நாயகனாக்கிவிட இயலாது. டல்மேட்ஜ் இனப்பிரச்சினையைக் கிளறியபோது, தமது பகுதியில் வெள்ளையர் பாடசாலைக்குள் நுழைய முயலும் கறுப்பர் அன்றைய அஸ்தமனத்தைக் காணமாட்டார் என்ற கருத்துப்பட ஆர்னலும் பேசினார். கொக்கிங்கின் பெயரால் நடந்த தேர்தலில், கொக்கிங் மீதான குற்றச்சாட்டு உண்மையாயிருந்தால் அது குற்றமே என்பதில் இரு தரப்பும் ஒன்றுபட்டிருந்தன.

முடிவு: ஆர்னல் 174,757 வாக்குகள், டல்மேட்ஜ் 128,394. அலகுகள் 261க்கு 149. மாநிலத்தின் சனத்தொகையோ 31 இலட்சத்துக்கு மேல். அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரான கறுப்பின மக்களுக்கு, கட்சியின் முன்தேர்தல் வெள்ளையருக்கு மட்டுமே என்ற விதி கதவடைத்திருந்தது. கட்சி ஒரு தனியார் சங்கம், அதன் உட்தேர்தலில் அரசுக்கு வேலையில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஆட்சியைத் தீர்மானிக்கும் ஒரே தேர்தல் அதுவாக இருந்த மாநிலத்தில்!

ஆர்னல் சொன்னதைச் செய்தார். 1943இல் அங்கீகாரம் மீண்டது. அதே ஆண்டு, போரிடும் வயதில் வாக்களிக்கவும் வேண்டும் என வாதாடி, வாக்களிக்கும் வயதை 18ஆக்கிய முதல் மாநிலமாக ஜோர்ஜியாவை மாற்றினார். 1945இல் வாக்காளர் வரி ஒழிந்தது. வெள்ளையர் முன்தேர்தல் செல்லாதென 1944இல் ரெக்சஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் கொலம்பஸ் நகரின் சிகையலங்காரரும் போதகருமான பிறைமஸ் கிங் தொடுத்த வழக்கில், ஜோர்ஜியாவின் விதியும் வீழ்ந்தது. குறுக்குவழியில் அதனைக் காப்பாற்றச் சட்டசபையைக் கூட்டுமாறு வந்த நெருக்குதலுக்கு ஆர்னல் இணங்கவில்லை. 1942இல் பேசியவரா இவர் என்று வியக்கத் தோன்றுகிறது.

ஆனால் அலகு முறையில் அவர் கைவைக்கவில்லை. 1962இல் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிடும்வரை அது நிலைத்தது. 1946 முன்தேர்தலில் கறுப்பின வாக்காளர் முதன்முறையாகப் பெருந்திரளாக வாக்களித்தனர். ஜேம்ஸ் கார்மைக்கேல் 313,389 வாக்குகளும் டல்மேட்ஜ் 297,245 வாக்குகளும் பெற்றனர். அலகுகளில் டல்மேட்ஜுக்கு 242, கார்மைக்கேலுக்கு 146. டிராம் வண்டி ஓடாத கவுண்டிகள் டல்மேட்ஜை மீண்டும் தெரிவுசெய்தன. பதவியேற்கு முன்னரே, அவ்வாண்டு டிசெம்பர் 21ஆம் திகதி, அவர் காலமானார்.