மார்புக்குள் ஒரு வெள்ளை வாய்க்கால்

தாமிரபரணிக் கரையில் வாழ்வோருக்கு வடிகாலைப் பற்றி விளக்கத் தேவையில்லை. கன்னடியன் கால்வாய் வழியே வயலுக்குப் பாய்ந்து மிஞ்சிய நீர், வடிகால்களின் வழியே மீண்டும் ஆற்றைச் சேர்கிறது. நம் உடலிலும் இத்தகைய ஓர் அமைப்பு உண்டு. நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீர், நிணநீராகத் திரண்டு மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது. இவ்வடிகால்களுள் பெரியது மார்பு நிணநாளம். வயிற்றில் தொடங்கி, முதுகெலும்பை ஒட்டி மேலேறி, இடக் கழுத்தடியில் சிரையோடு சேரும் இது, குடல் உறிஞ்சிய கொழுப்பையும் சுமந்து செல்கிறது.

1622ஆம் ஆண்டில் இத்தாலியில் காஸ்பரே அசெல்லி, ஒரு நாயின் வயிற்றை அறுத்தபோது குடலைச் சுற்றி வெண்ணிற இழைகளைக் கண்டார். நரம்புகள் என எண்ணி ஒன்றை அறுத்ததும் பால் போன்ற நீர் வடிந்தது. வேறொரு நாயை அறுத்தபோதோ இழைகளைக் காணவில்லை. காரணம் என்ன தெரியுமா? முதல் நாய் உணவு உண்டிருந்தது; இரண்டாவது பட்டினி கிடந்தது! 1651இல் பிரெஞ்சுக்காரரான பெக்கே, நாயின் இதயத்தை அகற்றியபின் பெருஞ்சிரையிலிருந்து வெள்ளை நீர் வருவதைக் கண்டு சீழோ என ஐயுற்றார். பின்னர் அது வரும் வழி மார்பு நிணநாளமே என நிறுவினார்.

1938இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ், ஒரு சிறுமியின் இதயத்தையொட்டி மூடாதிருந்த தமனி நாளத்தைக் கட்டி வெற்றி கண்டார். அதன்பின் இதய அறுவை வளர்ந்தது. கூடவே ஓர் அரிய தொல்லையும் தலைகாட்டியது. அறுவையின்போது நோயாளி வெறும் வயிற்றுடன் இருப்பதால் நிணநாளம் நிறமற்றுக் கிடக்கும்; காயம் பட்டாலும் எளிதில் தெரியாது. சில நாள் கழித்து உணவு உண்டதும் மார்பிலுள்ள வடிகுழாயில் பால் போன்ற நீர் வரும். அசெல்லியின் இரண்டாவது நாய் கற்பித்த பாடமே இது! இதற்குக் கைலோதோராக்ஸ் என்று பெயர். இதய அறுவை செய்துகொண்ட பெரியவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இது வருகிறது. பிறவி இதயக் குறையுள்ள குழந்தைகளிடம் சற்று மிகுதி.

வெளியேறுவது வெறும் நீரன்று. கொழுப்பு, புரதம், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் யாவும் போகின்றன. முன்னாளில் நாளம் கிழிந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். 1948இல் அமெரிக்க மருத்துவர் லாம்ப்சன், நாளத்தையே கட்டிவிடலாம் எனக் காட்டினார். வடிகாலை அடைத்தால் வயல் மூழ்காதா என்று கேட்பீர்கள். கிளை நாளங்கள் பல இருப்பதால் நிணநீர் வேறு வழி தேடிக்கொள்கிறது.

இன்று முதற் சிகிச்சை உணவு மாற்றமே. நெய்யும் சாதாரண எண்ணெயும் நிணநாளம் வழியே செல்பவை. தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்போ, குடலிலிருந்து நேரே இரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைகிறது. நாளத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. பலருக்குக் கிழிசல் தானே ஆறிவிடுகிறது. ஆனால் சமையல் தேங்காயெண்ணெய் இதற்கு ஈடாகாது. ஆறாவிடில் மருந்தும், நாளத்தைக் கட்டும் அறுவையும் உண்டு.

இதய அறுவை முடிந்து ஊர் திரும்பிய குழந்தைக்கு மூச்சுத் திணறினாலோ, காயத்தில் வெண்ணிற நீர் கசிந்தாலோ, குடித்த பால் என்றோ சீழ் என்றோ நீங்களே முடிவு செய்யாதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பெக்கேயும் முதலில் சீழ் என்றுதான் எண்ணினார்!