எலக்ட்ரிக் வாகனங்கள்: மாநில அரசு நினைத்தால் என்னென்ன செய்யலாம்?

எலக்ட்ரிக் ஸ்கூட்டரோ காரோ வாங்க யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, "மானியம் எவ்வளவு கிடைக்கும்?" என்பதுதான். ஆனால் மானியம் ஒரு பகுதிதான். சாலை வரி, கட்டட விதி, சார்ஜிங் இணைப்பு, அரசு பஸ் என மக்களை எலக்ட்ரிக் பக்கம் திருப்பும் பல விஷயங்கள் மாநில அரசின் கையில்தான் இருக்கின்றன. டெல்லியும் தமிழ்நாடும் என்ன செய்தன? பார்க்கலாம்.

மத்திய அரசின் பங்கு என்ன?

எலக்ட்ரிக் வாகனங்களுக்கான ஜிஎஸ்டி, 2019 ஆகஸ்ட் 1 முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2024 அக்டோபரில் 10,900 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் பிஎம் இ-டிரைவ் திட்டம் தொடங்கியது. இதற்கு மேல் என்ன சலுகை என்பதை முடிவு செய்வது மாநிலங்கள்தான்.

சாலை வரியில் எவ்வளவு மிச்சம்?

சாலை வரி மாநில அரசின் வருமானம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விலை உள்ள புது பைக்குக்கு 12 சதவீதம் வரி. அதாவது 1.20 லட்சம் ரூபாய் வண்டிக்கு 14,400 ரூபாய். எலக்ட்ரிக் வாகனங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை 100 சதவீத வரிவிலக்கு என 2023-ல் வெளியான தமிழ்நாடு மின்வாகனக் கொள்கை அறிவித்தது. விண்ணப்பம் போட்டு மானியத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் நேரத்திலேயே பலன் கிடைத்துவிடும் என்பதுதான் இதன் பிளஸ்.

மானியம் மட்டும் போதுமா?

2020 ஆகஸ்டில் வந்த டெல்லி கொள்கை, டூவீலருக்கு அதிகபட்சம் 30,000 ரூபாய் மானியம் தந்தது. காருக்கு அதிகபட்சம் 1.5 லட்சம் ரூபாய், ஆனால் முதல் 1,000 கார்களுக்கு மட்டும். 2024-க்குள் புது வாகனங்களில் 25 சதவீதம் எலக்ட்ரிக் ஆக வேண்டும் என்பது இலக்கு. அதை டெல்லியால் எட்ட முடியவில்லை. மானியம் பட்ஜெட்டில் பணம் இருக்கும் வரைதான். விதிகள் அப்படியல்ல, தொடர்ந்து வேலை செய்யும்.

அபார்ட்மெண்டில் சார்ஜ் போடுவது எப்படி?

சொந்த வீட்டில் பார்க்கிங் இருப்பவருக்குப் பிரச்னை இல்லை. வாடகை வீட்டிலும் அபார்ட்மெண்டிலும் இருப்பவர்களுக்குத்தான் சிக்கல். புதிய கட்டடங்களில் 20 சதவீத பார்க்கிங் இடம் எலக்ட்ரிக் வாகனங்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றது டெல்லி கொள்கை. முதல் 30,000 சார்ஜிங் பாயிண்டுகளுக்குத் தலா 6,000 ரூபாய் வரை உதவியும் அறிவித்தது.

ஆட்டோ, டெலிவரி வண்டிகள் ஏன் முக்கியம்?

தினமும் அதிக கிலோமீட்டர் ஓடுபவை இவைதான். ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் ஆனால் புகையும் எரிபொருள் செலவும் கணிசமாகக் குறையும். ஆனால் ஓட்டுநருக்கு முதல் தடை, வண்டிக் கடனின் வட்டி. அதனால் இ-ஆட்டோ கடனுக்கு 5 சதவீத வட்டி மானியம் என்றது டெல்லி. பெரிய டாக்ஸி, டெலிவரி நிறுவனங்கள் தங்கள் வண்டிகள் அனைத்தையும் 2030 ஏப்ரலுக்குள் எலக்ட்ரிக் ஆக்க வேண்டும் என 2023-ல் விதியும் கொண்டுவந்தது.

வண்டியே இல்லாதவர்களுக்கு?

அவர்களுக்கு அரசு பஸ்தான். சென்னையில் 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி பணிமனையில் இருந்து 120 எலக்ட்ரிக் பஸ்கள் ஓடத் தொடங்கின. பஸ்களை வாங்கி இயக்குவது ஒப்பந்த நிறுவனம். ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்ப மாநகர் போக்குவரத்துக் கழகம் பணம் தரும். இதனால் மொத்த விலையையும் அரசு முதலிலேயே போட வேண்டியதில்லை.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* ரிஜிஸ்ட்ரேஷன் செய்யும் நாளில் வரிவிலக்கு அமலில் இருக்கிறதா?
* டீலர் சொல்லும் ஆன்ரோடு விலையில் சாலை வரி சேர்க்கப்பட்டிருக்கிறதா?
* வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ சார்ஜ் போட வசதி உண்டா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றால், எவ்வளவு மானியம் கிடைத்தாலும் தினசரி ஓட்டுவது கஷ்டம்தான். மாநில அரசுகள் அதிக கவனம் செலுத்த வேண்டிய இடமும் அதுவே.