சிம் இல்லாத டேப்லெட்டிலும் ஜி.பி.எஸ்... அய்யனார் கோவில் ட்ரிப்புக்கு முன் இதைச் செய்யுங்க!

இந்த ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் அய்யனார் கோவிலுக்கு பிளான் போட்டிருக்கீங்களா? ஊரிலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். தோப்புகளைத் தாண்டிப் போனால் மலையடிவாரத்தில் ஆறும் காடும் சேரும் இடத்தில் நீர்காத்த அய்யனார் இருக்கிறார். கையில் இருக்கும் போன் போட்டோ, வீடியோவுக்கே சரியாகிவிடும். அதனால், வீட்டில் பாட்டு கேட்க மட்டும் வைத்திருக்கும் பழைய டேப்லெட்டை காரில் மாட்டிவிட்டால் பாட்டும் ஆச்சு, வழியும் ஆச்சு என்று தோணும். நல்ல ஐடியாதான். ஆனா, பல டேப்லெட்களில் மேப் திறக்கும்; நீலப்புள்ளி மட்டும் நகராது.

காரணம் சிம்பிள். மேப் படம் இன்டர்நெட்டில் இருந்து வருகிறது. நீங்கள் நிற்கும் இடம் வானத்தில் இருந்து வருகிறது. ரெண்டும் வேற வேற. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லும் சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், உங்கள் கருவி தன் இடத்தைக் கணக்கு போட்டுவிடும். ரேடியோ மாதிரி இது கேட்கும் வேலை மட்டும்தான். சிம் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். ஆனால், கேட்பதற்கு உள்ளே ஒரு ஜி.பி.எஸ் சிப் வேண்டும்.

சிக்கல் அங்கேதான். ஐபாட் டச்சில் கடைசி வரை ஜி.பி.எஸ் கிடையாது. வை-ஃபை மட்டும் உள்ள ஐபேடிலும் கிடையாது. அப்படியானால் டவுனில் எப்படி இடம் காட்டுகிறது? சுற்றியிருக்கும் வை-ஃபை ரூட்டர்களை வைத்து ஊகிக்கிறது. ராஜபாளையம் கடைவீதியில் இது எடுபடும். தோப்புக்குள் ரூட்டருக்கு எங்கே போவது?

இந்தக் குறையை அக்சஸரி வைத்து நிரப்புவது புதுசு இல்லை. 2008 வாக்கில் ஆர்க்கோஸ் நிறுவனம் தன் 605 மீடியா பிளேயருக்கு, ஜி.பி.எஸ் ரிசீவரோடு கார் ஹோல்டர் விற்றது. அடுத்து டாம்டாம் நிறுவனம் ஐபாட் டச்சுக்கு அதேபோல ஒரு கார் கிட் கொண்டு வந்தது. பாட்டுப்பெட்டியை ஹோல்டரில் செருகினால் வழிகாட்டி ரெடி. இன்றைக்கு நாம் செய்யப்போவதும் அதேதான்.

முதலில் காசு செலவில்லாத வழி. பழைய ஆண்ட்ராய்டு போன் இருந்தால் வேறு எதுவும் வாங்க வேண்டாம். சிம்மைக் கழற்றிவிட்டாலும் அதில் ஜி.பி.எஸ் வேலை செய்யும். ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால் மாடலுக்கு மாடல் மாறும். ‘ஜி.பி.எஸ் டெஸ்ட்’ ஆப்பைப் போட்டு மொட்டை மாடியில் நில்லுங்கள். செயற்கைக்கோள்கள் வரிசையாக வந்தால் சிப் இருக்கிறது. நம்ம ஊர் இஸ்ரோவின் நாவிக் சிக்னலை உங்கள் கருவி வாங்குகிறதா என்பதும் அதிலேயே தெரியும்.

சிப் இல்லையா? புளூடூத் ஜி.பி.எஸ் ரிசீவர் வாங்கலாம். ஆண்ட்ராய்டு என்றால் ஓ.டி.ஜி கேபிளில் செருகும் யு.எஸ்.பி ரிசீவரும் ஓகே. ஆண்ட்ராய்டில் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கும். செட்டிங்ஸில் ‘பில்ட் நம்பரை’ 7 முறை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அதில் ‘மாக் லொக்கேஷன் ஆப்’ என்ற இடத்தில் ரிசீவருக்கான ஆப்பைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாமல் ‘ரிசீவர் ரிப்பேர்’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. ஐபேடுக்கு வாங்கினால், ஆப்பிள் கருவிகளில் வேலை செய்யும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லா ரிசீவரும் அதில் ஒத்துப்போகாது.

ஷாப்பிங்கில் ஒரு எச்சரிக்கை. ரிசீவர் வேறு, செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்பும் கருவி வேறு. சாட்டிலைட் போன் மாதிரியான கருவிகளை அரசு அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருந்தால் வழக்கு வரும்.

அடுத்து மேப். வீட்டு வை-ஃபையிலேயே ஆஃப்லைன் மேப்பை இறக்கிவிடுங்கள். கூகுள் மேப்ஸ் ஆஃப்லைனில் கார் வழி சொல்லும், நடைவழி சொல்லாது. அதற்கு ‘ஆர்கானிக் மேப்ஸ்’, ‘ஓஸ்மாண்ட்’ இரண்டும் பரவாயில்லை. கார் நிறுத்தும் இடத்திலேயே ட்ராக் ரெக்கார்டிங்கை ஆன் செய்தால், திரும்பி வர அந்தக் கோடு போதும்.

பலரும் கோட்டை விடும் விஷயம், நேரம். நெட் இல்லாத கருவி, செயற்கைக்கோள்களின் இருப்பிடத் தகவலை வானத்தில் இருந்தே, நொடிக்கு 50 பிட் வேகத்தில் இறக்க வேண்டும். ரொம்ப நாள் அணைத்து வைத்திருந்தால் சில நிமிடங்கள், சமயத்தில் 10 நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். எனவே மரத்தடியில் இறங்கி ஆன் செய்யாதீர்கள். ராஜபாளையத்தில் டீ குடிக்கும்போதே, திறந்த வெளியில் வைத்து இடத்தைப் பிடிக்க விடுங்கள். காரில் டாஷ்போர்டு மேல், கண்ணாடிக்குக் கீழே வையுங்கள். சீட்டுக்கு அடியில் அல்ல. பவர் பேங்க் அவசியம்.

கோவில் பக்கம் மரங்கள் அடர்ந்து, மலை வானத்தை மறைக்கும்போது புள்ளி அங்குமிங்கும் தாவும். பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் தூரத்தைக் கூட்டிக் காட்டும். புள்ளி ஆற்றின் அக்கரையில் நின்றால் நம்பிவிடாதீர்கள். மேப்பில் ஒரு ஒற்றையடிப் பாதை தெரிகிறது என்பதற்காக உள்ளே நுழையவும் கூடாது. இந்த மலைக்காடு 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம்.

எந்த மேப்பும் காட்டாத ஒன்று, ஆற்றில் வரும் தண்ணீர். கோவிலில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். இப்படித் திடீர் வெள்ளம் வந்து, கோவிலுக்குப் போனவர்கள் அக்கரையில் சிக்கி மீட்கப்பட்டதுண்டு. இதே மலைத்தொடரின் சதுரகிரியில் 2015 மே மாத வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். மழைக்காலத்தில் வனத்துறை கோவிலுக்குப் போகத் தடை போடுவது இதனால்தான். கிளம்பும் அன்று காலை உள்ளூரில் கேளுங்கள், வனத்துறை செக்போஸ்ட்டிலும் ஒருமுறை கேளுங்கள். குளிக்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, டேப்லெட், பை எதையும் தேடாமல் பார்க்கிங் இருக்கும் கரைக்கு ஏறிவிடுங்கள். அதற்குள் தண்ணீர் பெருகிவிட்டால் கடக்க முயலாமல், இருக்கும் பக்கமே மேடான இடத்துக்குப் போய்க் காத்திருங்கள். போனில் சிக்னல் கிடைத்தால் 112-ஐ அழைத்து, மேப் திரையில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைச் சொல்லுங்கள்.