அம்பாசடர் ஹெட்டும் அம்பத்தூர் பட்டறையும்

அந்தக் காலத்தில் பொங்கல் முடிந்ததும் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளுக்கு ஒரு வேலை வரும். சோழவரம் பந்தயத்துக்குத் தயாராகும் கார்களின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, கோணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். "கம்ப்ரஷன் ஏத்திக் குடுங்கண்ணே" என்பதற்கு மேல் பேச்சு இருக்காது. எவ்வளவு ஏற்றலாம் என்பது அவர்கள் கையிலும் இல்லை, மெஷினில் நின்ற என் கையிலும் இல்லை. அதைத் தீர்மானித்தது பங்க்கில் கிடைத்த பெட்ரோல். எங்கள் பக்கத்து ஹெட் வேலையின் வரலாறே பெட்ரோலின் வரலாறுதான்.

சோழவரம் ஓடுதளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியபின் அங்கே கார் பந்தயம் வேரூன்றியது. அம்பத்தூரிலிருந்து கள்ளிக்குப்பம், செங்குன்றம் வழியாகப் போனால் பக்கம்தான். 1960களில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வரிசையாக வந்தன. மைக்ரோமீட்டரை நம்பும் கைகள் இந்த வட்டாரத்தில் பெருகியது அப்படித்தான். பகலில் கம்பெனி வேலை, மாலையில் சின்னப் பட்டறை என்றிருந்தவர்களிடம்தான் நானும் தொழில் கற்றேன்.

அம்பாசடர் கணக்கைச் சொல்கிறேன். 1489 சிசி, நான்கு சிலிண்டர். ஒன்றுக்கு 372 சிசி. கம்ப்ரஷன் 7.2க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மேலே மிஞ்சும் இடம் 60 சிசி. அதே இன்ஜினை 8.3க்குக் கொண்டுபோக அந்த இடம் 51 ஆகவேண்டும். அந்த 9 சிசியை எங்கே குறைப்பது? ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவியே எடுப்பதென்றால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அவ்வளவு சீவினால் அடித்தகடு மெலிந்துவிடும், சூட்டில் வளையும். கொஞ்சம் சீவினாலே புஷ்ராடு நீளம் மிஞ்சும். ராக்கர் கால்களுக்கு அடியில் ஷிம் வைக்கவேண்டும்.

ஹெட்டையே மாற்றும் யோசனை அங்கேதான் பிறந்தது. அம்பாசடரின் இன்ஜின் பிரிட்டனின் பிஎம்சி 'பி' வரிசை, எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் அதே 1489 சிசிதான், அங்கே கம்ப்ரஷன் 8.3. ஹெட்டின் ஸ்டட் துளைகள் ஒன்றுக்கொன்று பொருந்தும். எரியறை இதய வடிவில் இருக்கும். ஹாரி வெஸ்லேக் என்ற ஆங்கிலேயரின் வடிவமைப்பு. பழைய எம்.ஜி. ஹெட் ஒன்று எங்கிருந்தோ கிடைத்துவிட்டால் அதைக் கொண்டுவருபவரின் முகமே வேறாக இருக்கும்.

நாங்கள் உடனே பூட்டிவிட மாட்டோம். ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கும் வால்வும் இருக்க, துளையிட்ட கண்ணாடித் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெய் விட்டு அளப்போம். நான்கு அறையும் ஒரே அளவு காட்டவேண்டும். எது அதிகமாகக் கொள்கிறதோ அதை அடையாளமாக வைத்து, மற்ற அறைகளின் சுவரைக் கையால் தேய்த்து, கடைசிச் சொட்டு வித்தியாசம் வரை சரிசெய்வோம். பந்தயத்தில் கோப்பை வாங்கியவர் பெயர் பேப்பரில் வரும். இந்த நான்கு அளவையும் சமன் செய்தவனுக்கும் அதில் பங்குண்டு என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன்.

அப்புறம்தான் பெட்ரோல் தன் வேலையைக் காட்டும். அழுத்தம் கூடினால் கலவை சுடர் வந்து சேரும் முன்பே தானாக வெடிக்கும். இன்ஜின் தட்டும், விட்டால் பிஸ்டன் ஓட்டையாகும். 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி ஈயக்கலவையைக் கண்டுபிடித்தது இந்தத் தட்டலை அடக்கத்தான். தட்டலைத் தாங்கும் திறனைச் சொல்லும் எண்தான் ஆக்டேன். நமக்கு ஈயம் கலந்தும் 1990களின் தொடக்கத்தில் சாதாரண பெட்ரோல் 87 ஆக்டேன்தான். அதனால் 8.3 வைத்தவர் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்தார். ஏற்றிய பலத்தில் ஒரு பகுதி அங்கே போயிற்று.

அந்தப் பத்தாண்டில் எல்லாம் ஒருசேர மாறியது. பந்தயம் பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குப் போனது. அம்பாசடருக்கு இசுசு இன்ஜின் வந்தது. 1995இல் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல். 2000த்தில் நாடு முழுக்க. குழந்தைகளின் மூளையைக் கெடுத்த நஞ்சு அது, ஒழிந்தது நல்லதே. ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு அமரும் விளிம்புக்கு அந்த ஈயம்தான் பூச்சாக இருந்தது. அது போனதும் நெடுஞ்சாலையில் விரட்டிய கார்களில் வால்வு உள்ளே அமுங்கி, டேப்பட் இடைவெளி காணாமல் போனது. அதே ஹெட்டுகள் மறுபடி எங்கள் மேசைக்கு வந்தன, இம்முறை கடின எஃகு சீட் வளையம் அடிக்க.

இன்று பங்க்கில் வரும் 20 விழுக்காடு எத்தனால் பெட்ரோலுக்கு ஆக்டேன் 95. அன்று நாங்கள் ஏங்கிய எண், 8.3 தட்டாமல் ஓடும். ஆனால் எத்தனால் பழைய ரப்பரை அரிக்கிறது, ஈரத்தை இழுக்கிறது, கலவையையும் மெலியவைக்கிறது. இப்போது பழைய அம்பாசடருக்கு ஹெட் ஏற்றக் கேட்டு வரும் பிள்ளைகளிடம், முதலில் பெட்ரோல் ஹோஸையும் பம்ப் டயாபிரத்தையும் மாற்றிவிட்டு, கார்புரேட்டர் ஊசியைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொண்டு வரச் சொல்கிறேன்.