கையில் தூக்கும் எஞ்சினின் கதை

பெரிய பாய்ப் படகுகள் கரைவரை வருவதில்லை. ஆழம் குறையும் முன்பே நங்கூரமிட்டு நின்றுவிடும். அவற்றிலிருந்து கரைக்கு வந்து போக மூன்று மீட்டர் அளவில் ஒரு சிறு படகை வைத்திருப்பார்கள். அதற்கு டிங்கி என்று பெயர். சிறு தோணியைக் குறிக்க வங்காளத்திலும் வட இந்தியாவிலும் வழங்கும் சொல்லே இவ்வாறு ஆங்கிலத்துக்குப் போய் உலகெங்கும் பரவிவிட்டது.

டிங்கிக்கு எஞ்சின் வாங்க வருபவர் கடைக்காரரிடம் முதலில் என்ன கேட்பார்? எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பார் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அனுபவம் உள்ளவர், "எத்தனை கிலோ?" என்றுதான் கேட்பார். ஆடும் படகில் நின்றுகொண்டு எஞ்சினைத் தூக்கி, கீழே மிதக்கும் டிங்கியின் பின்பலகையில் மாட்ட வேண்டியவர் அவரல்லவா? கை நழுவினால் எஞ்சின் நீரில் விழும். கால் நழுவினால் ஆளும் விழுவார்!

இந்தச் சிறு எஞ்சினின் வரலாறு முழுவதையும் அந்த எடைக் கேள்வியே நடத்தி வந்திருக்கிறது. எடையைக் குறைக்க மனிதன் நெடுங்காலம் ஒரு விலை கொடுத்தான். அந்த விலையை அவன் கணக்கில் எழுதாமல் ஏரியின் கணக்கிலும் கடலின் கணக்கிலும் எழுதிவிட்டான். அந்தக் கதையைப் பார்ப்போம்.

பின்பலகையில் ஒரு பொறி

நம் கடற்கரைகளில் ஃபைபர் படகின் பின்புறம் தொங்கும் எஞ்சினைப் பலர் பார்த்திருப்பீர்கள். இதற்கு அவுட்போர்டு மோட்டார் என்று பெயர். வெளிப்பொறி என்று நாம் கூறலாம். இதன் அமைப்பு எளிது. மேலே எஞ்சின். அதிலிருந்து செங்குத்தாக இறங்கும் ஒரு தண்டு. நீருக்குள் பற்சக்கரப் பெட்டியும், அதோடு இணைந்த சுழல்விசிறியும். தனியாகச் சுக்கான் தேவையில்லை. கைப்பிடியைப் பிடித்துப் பொறி முழுவதையும் திருப்பினால் படகும் திரும்பும். ஆழமில்லாத இடத்தில் பொறியைச் சாய்த்து விசிறியை நீருக்கு மேலே தூக்கிவிடலாம். வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

இந்த எண்ணம் பெட்ரோல் எஞ்சினோடு பிறந்ததன்று என்பது வியப்புக்குரியது. பிரெஞ்சு நாட்டுக் குஸ்தாவ் துருவே என்பவர் 1880-இல் மின்சார மோட்டார் ஒன்றுக்கு உரிமம் பெற்றார். 1881-இல் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில், கழற்றி மாட்டக்கூடிய அந்த மோட்டாரைக் கொண்டு படகு ஓட்டிக் காட்டினார். மோட்டாரின் எடை சுமார் 5 கிலோதான். ஆனால் அக்கால மின்கலங்கள் மிகவும் கனமானவை. ஆகவே அது பரவவில்லை.

பெட்ரோல் எஞ்சினைப் படகின் பின்னே மாட்டி நல்ல எண்ணிக்கையில் விற்றவர் அமெரிக்கரான கேமரன் வாட்டர்மன். சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது தம் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றி நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டுத் துடைத்தாராம். அதைப் பார்த்ததும், படகின் பின்பலகையிலும் இவ்வாறே தொங்கவிடலாமே என்று தோன்றியதாம். 1906 முதல் அவருடைய பொறிகள் விற்பனைக்கு வந்தன.

உருகிப்போன ஐஸ்கிரீம்

வெளிப்பொறியை மக்களிடம் கொண்டு சேர்த்த பெருமை ஓலே எவின்ரூட் என்பவரைச் சேரும். 1877-இல் நார்வேயில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவில் குடியேறியவர் இவர். மில்வாக்கி நகரில் எந்திரப் பட்டறை வைத்திருந்தார். ஒரு கோடை நாளில் அருகிலுள்ள ஒக்காச்சி ஏரிக்கு நண்பர்களோடு உல்லாசப் பயணம் சென்றிருந்தார். அவர் மணக்கவிருந்த பெஸ் என்ற பெண் ஐஸ்கிரீம் கேட்டாள். ஓலே துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் வாங்கி, மீண்டும் துடுப்புப் போட்டுத் திரும்பினார். வருவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டது! கைவலியோடு பிறந்த அந்த எண்ணம்தான் வெளிப்பொறி ஆயிற்று என்பது எல்லோரும் சொல்லும் கதை.

அவர் செய்த முதல் மாதிரியைப் பார்த்த பெஸ், காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரம்போல் இருக்கிறதே என்றாராம். ஆனால் 1909-இல் விற்பனை தொடங்கியபோது, துடுப்புகளைத் தூக்கி எறியச் சொல்லி விளம்பரம் எழுதியவரும் அவரேதான். அந்தப் பொறியின் ஆற்றல் ஒன்றரைக் குதிரைத்திறன். எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ.

28 கிலோ என்பது எளிதில் தூக்கும் எடையன்று. மனைவியின் உடல்நலத்துக்காகத் தொழிலை விற்று ஒதுங்கியிருந்த எவின்ரூட், 1920-ஐ ஒட்டி மீண்டும் வந்தார். இம்முறை அலுமினியத்தைப் பெரிதும் பயன்படுத்தி, இரண்டு உருளைகள் கொண்ட புதிய பொறியைச் செய்தார். ஆற்றல் இரு மடங்காகி 3 குதிரைத்திறன் ஆயிற்று. எடையோ சுமார் 22 கிலோவாகக் குறைந்தது.

இரு வீச்சும் நான்கு வீச்சும்

எடையைக் குறைக்க அலுமினியம் மட்டும் போதாது. எஞ்சினின் வகையே முக்கியமானது.

1876-இல் ஜெர்மனியின் ஓட்டோ உருவாக்கியது நான்கு வீச்சு எஞ்சின். பிஸ்டன் ஒருமுறை இறங்கும்போது எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுக்கிறது, ஏறும்போது அழுத்துகிறது, கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது, மீண்டும் ஏறும்போது புகை வெளியேறுகிறது. தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒருமுறைதான் ஆற்றல் கிடைக்கும். கலவையை உள்ளே விட ஒரு வால்வு, புகையை வெளியே விட ஒரு வால்வு, அவற்றை இயக்கும் உறுப்புகள், தனியே ஓர் எண்ணெய்த் தொட்டி எல்லாம் வேண்டும். எல்லாமே எடைதான்.

இரு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆற்றல் கிடைக்கிறது. இங்கிலாந்தின் ஜோசஃப் டே 1890-களின் தொடக்கத்தில் அமைத்த எளிய வடிவில் வால்வுக் கருவிகள் குறைந்தன. உருளையின் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கும். எண்ணெய்த் தொட்டியும் வேண்டாம். பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றினால் போதும். உறுப்புகள் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு. வெளிப்பொறிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எவின்ரூட்டின் பொறியும், அடுத்துப் பல பத்தாண்டுகள் வந்த பெரும்பாலான பொறிகளும் இரு வீச்சு வகையே.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. புகை வெளியேறும் துளை திறந்திருக்கும்போதே புதுக் கலவை வரும் துளையும் திறந்திருக்கிறது. எனவே புதுக் கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு ஓடிவிடும். பழைய கார்புரேட்டர் வகைப் பொறிகளில் எரிபொருளில் நான்கில் ஒரு பங்கும், சில வேளைகளில் அதற்கு மேலும் இவ்வாறு வீணாகும். 10 லிட்டர் ஊற்றினால் இரண்டரை லிட்டர் படகை நகர்த்தவே இல்லை! வெளிப்பொறியின் புகைக்குழாய் பெரும்பாலும் நீருக்குள்தான் திறக்கிறது. எரியாத பெட்ரோலும் எண்ணெயும் எங்கே போயின என்று சொல்லவும் வேண்டுமோ? நீரின்மேல் வானவில் நிறங்கள் காட்டும் மெல்லிய படலமே சாட்சி.

ஏரிகள் கேட்ட கணக்கு

நான்கு வீச்சு வெளிப்பொறியைச் செய்ய யாருமே முயலவில்லை என்று எண்ண வேண்டாம். 1962-இல் ஹோம்லைட் என்ற அமெரிக்க நிறுவனம், ஒரு சிறு காரின் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு 55 குதிரைத்திறனில் ஒன்றைச் செய்தது. 1964-இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் தன் முதல் வெளிப்பொறியை நான்கு வீச்சு வகையாகவே வெளியிட்டது. 1984-இல் யமஹாவும் இவ்வகையில் இறங்கியது. எனினும் வாங்குவோரில் பெரும்பாலோர் எடையையும் விலையையும் பார்த்துப் பழைய வகையையே வாங்கினர்.

நிலைமையை மாற்றியவை ஏரிகள் எனலாம். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய மூன்று நாடுகளுக்கிடையே உள்ள கான்ஸ்டன்ஸ் ஏரி பல இலட்சம் மக்களுக்குக் குடிநீர் தருகிறது. அங்கே படகு எஞ்சின்களின் புகைக்கு 1993 முதல் கடும் வரம்பு விதிக்கப்பட்டது. அமெரிக்காவில் தெளிந்த நீருக்குப் பெயர்பெற்ற டாஹோ ஏரியில், கார்புரேட்டர் கொண்ட இரு வீச்சுப் பொறிகளுக்கு 1999-இல் தடை வந்தது. இதற்கிடையே 1996-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் நாடு முழுவதற்கும் விதி வகுத்தது. புதுப் பொறிகள் வெளிவிடும் ஹைட்ரோகார்பன்களை 1998 முதல் 2006-க்குள் படிப்படியாக 75 சதவீதம் குறைப்பதே அதன் நோக்கம்.

எரிபொருளை உருளைக்குள் நேரடியாகப் பீய்ச்சும் முறையால் பெரிய இரு வீச்சுப் பொறிகள் சில இந்த வரம்புக்குள் வந்தன. சிறு பொறிக்கு அந்த முறை கட்டுப்படியாகாது. ஆகவே டிங்கியின் பின்பலகைக்கு நான்கு வீச்சுப் பொறி வந்து சேர்ந்தது. எவின்ரூட் என்ற பெயர் கடைசிவரை பெரிய இரு வீச்சுப் பொறிகளோடு நின்றது. 2020-இல் அந்தப் பெயரில் பொறிகள் செய்வது நிறுத்தப்பட்டது.

எல்லா நீருக்கும் ஒரே விதி பொருந்திவிடவில்லை. கேரளக் கடற்கரையில் 1980-களில் நாட்டுப் படகுகளுக்கு வந்த வெளிப்பொறிகள் மண்ணெண்ணெயில் ஓடியவை. அந்த மீனவருக்கு வெளிப்பொறி என்பது வயிற்றுப்பாடு. விலையும், எளிதாகப் பழுது பார்க்கும் வசதியும் இல்லாத பொறி, எவ்வளவு தூய்மையானதாக இருந்தாலும் அவருக்கு உதவாது.

வாங்கியவரின் கடமைகள்

இன்று 2.3 குதிரைத்திறன் கொண்ட நான்கு வீச்சுப் பொறி ஒன்று சுமார் 13.5 கிலோ எடையில் கிடைக்கிறது. எவின்ரூட்டின் முதல் பொறியில் பாதி எடைகூட இல்லை! மூன்று மீட்டர் டிங்கியை மணிக்கு 7 அல்லது 8 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்த இது போதும். ஆனால் இதை வாங்கியவர் சில பழக்கங்களைக் கற்றாக வேண்டும்.

பெட்ரோலில் எண்ணெய் கலக்கக் கூடாது. எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கிறது. அதன் மட்டத்தைப் பார்த்து, குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். இரு வீச்சுப் பொறியை எப்படியும் கிடத்தலாம். இதையோ, தயாரித்தவர்கள் குறித்த பக்கமாகத்தான் கிடத்த வேண்டும். மாறிக் கிடத்தினால் எண்ணெய் உருளைக்குள் புகுந்துவிடும். பல மாதம் ஓடாதென்றால் கார்புரேட்டரில் பெட்ரோலைத் தேங்க விடக் கூடாது. அது பிசின்போல் படிந்து நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். உப்புநீரில் ஓடிய பொறியை நன்னீரால் கழுவ வேண்டும். நீரால் குளிரும் பொறியானால் அதன் உட்குழாய்களிலும் நன்னீரை ஓடவிட வேண்டும். அத்தகைய பொறி ஓடும்போது பக்கத்தில் பீச்சும் நீர்த்தாரை நின்றுபோனால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். பெரும்பாலும் பாசியோ பிளாஸ்டிக் பையோ வழியை அடைத்திருக்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று தோன்றலாம். முன்பு சொந்தக்காரருக்கு இந்தத் தொல்லைகளிற் பல இல்லாதிருந்தன. அந்தத் தொல்லையை ஏரி பட்டது. இப்போது எண்ணெய் எஞ்சினுக்குள்ளேயே நிற்கிறது. ஆகவே அதைக் கவனிக்கும் வேலை சொந்தக்காரருடையதாகிவிட்டது.

கதை இத்துடன் முடியவில்லை. 2005-இல் ஜெர்மனியில் தொடங்கிய டார்கீடோ போன்ற நிறுவனங்கள் லித்தியம் மின்கலத்தில் இயங்கும் வெளிப்பொறிகளைச் செய்துவருகின்றன. துருவே சேன் ஆற்றில் காட்டிய மின்சாரப் பொறி மீண்டும் பின்பலகைக்கு வந்துவிட்டது. அதை வாங்க வருபவரும் கடைக்காரரிடம் முதலில், "மின்கலத்தோடு சேர்த்து எத்தனை கிலோ?" என்றுதான் கேட்கிறார்.